சித்திரையும் மகமும் அளவுகோல் ஆனது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: பழைய வானியல் நூல் எதைத் திறந்தாலும் சித்திரை, மகம், ரோகிணி, கேட்டை என்று சில நட்சத்திரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. வானத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க, இவற்றை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் வளையங்களை வைத்து, 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகரும் அயனச் சலனத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பஞ்சாங்கத்தில் வரும் அயனாம்சத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு, இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க முடியுமா என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள்.

பல கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் தெரியாது, நட்சத்திரம் தெரியும்போது சூரியன் இருக்காது. அப்படியிருக்க இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை எப்படி அளந்தார்கள்? இது புரிந்தால் மற்றவை தானாக வந்துவிடும். நான் வான நிலையியலைப் பாடமாக நடத்தியவன். இந்தக் கருவிகளில் சிலவற்றை மாணவர்களோடு சேர்ந்து மரத்திலும் அட்டையிலும் செய்து அளந்து பார்த்ததும் உண்டு. கிரேக்க, அரபு நூல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன், ஜாதகப் பலன் என் துறையே இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில், பிரகாசம் காரணமல்ல. அப்படியென்றால் சிரியஸும் அகத்திய நட்சத்திரமும்தான் முன்னால் நின்றிருக்க வேண்டும். பிரகாச வரிசையில் சித்திரைக்கு 15, 16-வது இடம்தான், மகம் அதற்கும் பின்னால். ஆனால் சூரியன் ஆண்டு முழுவதும் நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும் பாதையிலிருந்து மகம் அரைப் பாகைதான் விலகியிருக்கிறது. சித்திரை 2 பாகை, கேட்டை நாலரை, ரோகிணி ஐந்தரை. சிரியஸோ 39 பாகைக்கு மேல் தள்ளி நிற்கிறது. சந்திரனும் கோள்களும் இந்தப் பாதையை ஒட்டியே போகின்றன என்பதால், பாதை ஓரத்து நட்சத்திரத்துக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளியை விரலாலேயே மதிப்பிடலாம். அந்த இடைவெளி பெரும்பாலும் பாதையின் நெடுகிலேயே விழுவதால் கோளத்தில் முக்கோணக் கணக்கு போடாமலே சமாளித்துவிடலாம்.

பாபிலோனியர்கள் செய்தது இதைத்தான். கி.மு. 652-லிருந்து கி.மு. முதல் நூற்றாண்டு வரை எழுதிய களிமண் பலகைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இன்ன இரவில் சந்திரன் இன்ன நட்சத்திரத்துக்கு இத்தனை முழம் மேலே, இத்தனை விரல் முன்னால் என்ற வகைக் குறிப்புகள் அவை. முழம் என்றால் வானத்தில் இரண்டு பாகைக்குச் சற்று மேல், அதில் 24 விரல். இதற்கென்று சூரியப் பாதையை ஒட்டி முப்பதுக்குச் சற்று மேற்பட்ட நட்சத்திரங்களை வைத்திருந்தார்கள். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நான்கும் அதில் உண்டு.

இடையில் ஒரு விஷயம். ரோகிணி, மகம், கேட்டை, ஃபோமல்ஹாட் ஆகிய நான்கும் ‘பாரசீகத்தின் ராஜ நட்சத்திரங்கள்’, 5,000 ஆண்டுகளுக்கு முன்பே நான்கு திசைக் காவலர்கள் என்று இணையம் முழுக்கக் காணலாம். பாரசீக நூலான புந்தஹிஷ்ன் நான்கு நட்சத்திரத் தலைவர்களைச் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் சிரியஸும் சப்தரிஷி மண்டலமும் இருக்கின்றன. இணையத்து நால்வர் பிற்கால ஐரோப்பியர் பொருத்திப் பார்த்த ஊகம். இதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

சரி, சிக்கலுக்கு வருவோம். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைச் சொல்ல வானத்தில் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் நிற்கும் இடம்தான் அது. அந்த இடத்தில் கல் நட முடியாது, கண்ணுக்கும் எதுவும் தெரியாது. சூரியன் இன்று அங்கிருந்து எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பதைக் கணக்கில்தான் சொல்லலாம். ஆகவே அளவு எப்போதும் சூரியனில் தொடங்கி நட்சத்திரத்தில் முடிய வேண்டும். ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கவே மாட்டாத இருவரில் யார் உயரம் என்று பார்க்க, இருவரையும் சந்திக்கும் மூன்றாவது ஆளைத் தேடுவது போலத்தான். வானத்தில் அந்த மூன்றாவது ஆள் முதலில் சந்திரன், பிறகு வெள்ளி, அதன் பிறகு கடிகாரம். துல்லியம் கூடியது பெரும்பாலும் இந்த இடையாள் மாறியதால்தான்; கருவி பெரிதானது அடுத்தபடி என்பது என் கருத்து.

சந்திரனை வைத்து அளக்கும் வழிகளில் தெளிவானது சந்திர கிரகணம். கிரகணத்தின் நடுவில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே, 180 பாகையில் நிற்கிறது. சூரியனின் இடத்தைக் கணக்கிட்டு 180 கூட்டினால் சந்திரனின் இடம். பக்கத்திலிருக்கும் நட்சத்திரம் வரை அளந்து கூட்டினால் நட்சத்திரத்தின் இடம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் சித்திரையை இப்படித்தான் பிடித்தார். இலையுதிர்காலச் சமப் பகலிரவுப் புள்ளிக்கு அது 6 பாகை மேற்கே இருந்தது. அவருக்குச் சுமார் 160 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் டிமோக்காரிஸ் பார்த்தபோது அது 8 பாகை. நட்சத்திரம் 2 பாகை நகர்ந்திருக்கிறது, அல்லது அந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது. வேறு நட்சத்திரங்களும் இதேபோல நகர்ந்திருந்ததால் நகர்வது புள்ளிதான் என்ற முடிவு. இந்த நகர்வுதான் அயனச் சலனம்.

இதை நம்பலாமா என்றுதானே கேட்டீர்கள்? இன்றைய கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் டிமோக்காரிஸ் காலத்தில் 8 பாகையும் ஹிப்பார்க்கஸ் காலத்தில் கிட்டத்தட்ட 6 பாகையும் வருகின்றன. இருவரும் சரி. ஆனால் ஹிப்பார்க்கஸே 11 ஆண்டு இடைவெளியில் இரண்டு கிரகணங்களை வைத்து எடுத்த அளவுகள் ஆறரையும் ஐந்தேகாலும் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வானியலாளர் டாலமி எழுதி வைத்திருக்கிறார். 11 ஆண்டில் உண்மையான நகர்வு ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது கருவியும் கணக்கும் சேர்ந்து ஒரு பாகைக்கு மேல் ஆட்டம் காட்டும் நிலையில், 2 பாகை வித்தியாசத்தை அவர் உண்மையென்று அடையாளம் கண்டார். வேகத்தைச் சொல்லும்போது ‘நூறாண்டுக்கு ஒரு பாகைக்குக் குறையாது’ என்று கீழ் எல்லையோடு நிறுத்திக்கொண்டார். தன் அளவின் பலவீனம் தெரிந்தவர் பேசும் பேச்சு அது. அதனாலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வருகிறது.

அந்த எச்சரிக்கையை டாலமி வைத்துக்கொள்ளவில்லை. அவரது அல்மகெஸ்ட் விவரிக்கும் கருவி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய உலோக வளையங்களால் ஆன கோளம். ஒரு வளையம் சூரியப் பாதை, அதற்குச் செங்குத்தாகச் சுழலும் வளையங்கள் இடம் காட்டுபவை. இடம் தெரிந்த ஒரு பொருளை அதற்குரிய பாகையில் வளையத்தை வைத்துப் பார்த்தால், கருவி முழுவதும் அந்த நேரத்து வானத்துக்கு இசைவாகத் திரும்பிவிடும். பிறகு உள் வளையத்தை வேறு எந்த நட்சத்திரத்துக்குத் திருப்பினாலும் அதன் இடத்தை நேரடியாகவே படிக்கலாம். ஆதார நட்சத்திரம் எதற்கு என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. சூரியனிலிருந்து ஒரே ஒரு நட்சத்திரத்துக்குப் பாடுபட்டு அளவைக் கொண்டுவந்துவிட்டால், அதை வைத்துக் கருவியைத் திருப்பி மற்ற ஆயிரத்தையும் அளக்கலாம். அந்த ஒன்று தவறினால் ஆயிரமும் அதே அளவு தவறும்.

தவறியது. கி.பி. 139 பிப்ரவரி 23 மாலை, அலெக்சாந்திரியா. சூரியன் மறையும் வேளை, அது மீனத்தில் 3 பாகையில் இருப்பதாகக் கணக்கு. (இங்கே ராசிகள் சமப் பகலிரவுப் புள்ளியிலிருந்து எண்ணப்படுபவை, ராசிக்கு 30 பாகை.) அதிலிருந்து சந்திரன் 92⅛ பாகை தள்ளி இருந்தது என்கிறார் டாலமி. அரை மணி நேரம் கழித்து, இருட்டியதும், சந்திரனிலிருந்து மகம் 57⅙ பாகை. இடைப்பட்ட அரை மணியில் சந்திரன் கால் பாகை நகர்ந்திருக்கும். பூமியின் மேற்பரப்பில் நின்று பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழைக்கும் சிறிது கழிக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் மகம் சிம்மத்தில் 2½ பாகை. ஹிப்பார்க்கஸ் காலத்திலிருந்து 265 ஆண்டில் 2 பாகை 40 கலை நகர்வு. (ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை.) ஆக, நூறாண்டுக்குச் சரியாக ஒரு பாகை! ஹிப்பார்க்கஸ் கீழ் எல்லையாக வைத்த எண் டாலமியிடம் உறுதியான வேகமாகிவிட்டது. உண்மையில் அந்த 265 ஆண்டில் நகர்ந்திருக்க வேண்டியது 3 பாகை 40 கலையை ஒட்டி.

ஒரு பாகை எங்கே போனது? சூரியனிலேயே. ஹிப்பார்க்கஸிடமிருந்து டாலமி எடுத்துக்கொண்ட ஆண்டின் நீளம் சுமார் 6 நிமிடம் அதிகம். 265 ஆண்டில் அது ஒரு நாளைத் தாண்டிவிடும். ஒரு நாளில் சூரியன் கிட்டத்தட்ட ஒரு பாகை நகரும், ஆகவே அவர் கணக்கில் சூரியன் உண்மையான இடத்துக்கு ஒரு பாகை பின்னால் நின்றது. அதைச் சந்திரன் சுமந்து மகத்திடம் சேர்த்தது, மகம் மற்ற எல்லாவற்றுக்கும் கொடுத்தது. இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. டாலமியின் பட்டியலில் மகம் சிம்மம் 2½, சித்திரை கன்னி 26⅔. இரண்டும் தனித்தனியே ஒரு பாகைக்கு மேல் தவறு. ஆனால் இரண்டுக்கும் இடையே அவர் தரும் தூரம் 54⅙ பாகை. உண்மைத் தூரத்தோடு ஒப்பிட்டால் பிழை சுமார் கால் பாகைதான். நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரத்துக்கு அளந்தது நன்றாகவே இருக்கிறது, தொடக்கம்தான் சறுக்கியது.

அந்தத் தொடக்கத்தைக் கருவியால் நேரடியாகப் பிடிப்பதும் எளிதாக இல்லை. அலெக்சாந்திரியாவின் உடற்பயிற்சிக் கூடத்தில் வான நடுக்கோட்டுக்கு இணையாக நிறுத்திய பெரிய வெண்கல வளையங்கள் இருந்தன. முன்பக்கத்து விளிம்பின் நிழல் பின்பக்கத்து உட்பரப்பில் சரியாக விழும் கணம்தான் சமப் பகலிரவு. பழைய வளையம் ஒன்று நாளடைவில் அசைந்துபோய், ஒரே நாளில் இரண்டு தடவை அந்தக் கணத்தைக் காட்டுகிறது என்று டாலமியே குறைப்பட்டுக்கொள்கிறார். வளையம் அசைந்திருக்கலாம். அடிவானத்துக்கு அருகே ஒளிவிலகல் சூரியனைத் தூக்கிக் காட்டுவதாலும் அப்படி நடக்கும்.

சர்ச்சைக்குரிய இடம் இது. 139-ல் டாலமி உண்மையில் அளந்தாரா, இல்லை ஹிப்பார்க்கஸின் பட்டியலை எடுத்து எல்லாவற்றுக்கும் 2 பாகை 40 கலை கூட்டிவிட்டாரா? இந்தச் சந்தேகம் பல நூற்றாண்டுகளாக உண்டு. 1977-ல் ராபர்ட் நியூட்டன் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதைக் குற்றமென்றே வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். முடிவு கட்டுவது ஏன் கடினம் என்றால், பிழையுள்ள அந்தச் சூரியக் கணக்கை வைத்து நேர்மையாக அளந்தாலும் அதே ஒரு பாகைக் குறைவு வரும், நகலெடுத்துக் கூட்டினாலும் அதேதான் வரும். 2022-ல் ஒரு புது ஆதாரம் கிடைத்தது. சினாய் மலை புனித கேத்தரின் மடத்திலிருந்து வந்த ஒரு தோல் சுவடியில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எழுதியிருந்தார்கள். பல நிற ஒளிகளில் படமெடுத்து அடியிலிருந்த கிரேக்கத்தைப் படித்தபோது, வடக்கு மகுடம் என்ற மண்டலத்தின் எல்லை நட்சத்திர அளவுகள் கிடைத்தன. அவை ஹிப்பார்க்கஸ் காலத்து வானத்துக்கு ஒரு பாகைக்குள் பொருந்துகின்றன, டாலமியின் எண்களோடு ஒத்துப்போகவில்லை. குறைந்தபட்சம் இந்த மண்டலத்துக்கு அவர் வெறும் நகல் எடுக்கவில்லை என்று சொல்லலாம். பட்டியலில் உள்ள ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு துண்டுச் சுவடி போதாது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் அளந்திருப்பார் என்ற நடுநிலையில்தான் நான் இருக்கிறேன்.

அந்த ஒரு பாகை செய்த வேலை பெரியது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரபு வானியலாளர் அல்-பத்தானி தன் அளவை டாலமியோடு ஒப்பிட்டபோது 66 ஆண்டுக்கு ஒரு பாகை என்று வந்தது. உண்மை 72-ஐ ஒட்டியது. டாலமியின் நட்சத்திரங்கள் ஒரு பாகை பின்தங்கி எழுதப்பட்டிருந்ததால் அதற்குப் பிந்தைய வேகம் கூடித் தெரிந்தது. முன்னே 100, பின்னே 66 என்றால் வேகமே மாறுகிறது என்றுதானே நினைக்கத் தோன்றும்? அயனப் புள்ளி முன்னும் பின்னும் ஊசலாடுகிறது என்ற கொள்கை பாக்தாதிலிருந்து ஐரோப்பா வரை நெடுங்காலம் நின்றதற்கு இந்தச் செயற்கை வித்தியாசமும் ஒரு காரணம். கோப்பர்நிக்கஸ் 1515-லும் 1525-லும் சித்திரையை அளந்தார். 1525-க்கு அவர் சொன்ன இடம் துலாம் 17 பாகை 21 கலை, இன்றைய கணக்கோடு சில கலைகள்தான் வித்தியாசம். அப்படி நன்றாக அளந்தவரும், பழைய எண்களை நம்பி, மாறும் வேகத்துக்கு ஒரு சிக்கலான ஏற்பாட்டைச் செய்தார். நம் சூரிய சித்தாந்தமும் இரு பக்கமும் 27 பாகை வரை ஊசலாட்டம் என்கிறது. ஆனால் அது டாலமியின் பிழையால் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அல்-சூஃபியின் நட்சத்திர நூல் (964) அழகானது, பிரகாச மதிப்பீடுகளில் புதுச் சரக்கும் உண்டு. ஆனால் இடங்களுக்கு அவர் டாலமியின் எண்களோடு 12 பாகை 42 கலை கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். முழுமையாக மறுபடி அளக்கத் துணிந்தவர்கள் சமர்க்கந்தில் உலுக் பெக்கின் குழுவினர். சூரியனின் உயரத்தை அளக்கச் சுமார் 40 மீட்டர் ஆரத்தில் கட்டிய வளைவு ஒன்று, 1,018 நட்சத்திரங்கள் அடங்கிய 1437-ம் ஆண்டுப் பட்டியல். அந்த வளைவின் அடிப்பகுதி 1908-ல் தோண்டியெடுக்கப்பட்டது, இன்றும் பார்க்கலாம்.

அஸ்ட்ரோலேபை இந்தக் கதையின் நாயகனாகப் பலர் நினைக்கிறார்கள். கைப்பிடி அளவுப் பித்தளைத் தட்டில் அரைப் பாகை துல்லியம் கிடைத்தாலே பெரிது. அது அளக்கும் கருவி என்பதைவிடக் கணக்குப் போடும் கருவி. மேல் தட்டில் இலை, கொடி வடிவில் நீட்டியிருக்கும் முனைகள் ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். ஒன்றின் உயரத்தை அளந்து, அதன் முனையை அந்த உயரக் கோட்டில் வைத்தால் இரவு நேரம் தெரிந்துவிடும். இங்கே சூரியப் பாதை அருகே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆகவே சுவாதி, வேகா, சிரியஸ் எல்லாம் வரும். 1370-ல் ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் அரசவையில் மகேந்திர சூரி சமஸ்கிருதத்தில் எழுதிய யந்திரராஜம், இதற்கென 32 நட்சத்திரங்களின் பட்டியலைத் தருகிறது. அயனச் சலனத்தால் இந்த முனைகள் நாளடைவில் பிசகும். பழைய அஸ்ட்ரோலேபின் வயதை இந்த முனைகளை வைத்துச் சொல்லலாம் என்பார்கள். பழைய பட்டியலைப் பார்த்துச் செய்த பிற்காலக் கருவியும் பழையதாகவே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பி விலை பேசிவிடாதீர்கள்.

இடையாளை மாற்றியவர் டைக்கோ பிராகி. டென்மார்க் மன்னர் 1576-ல் அவருக்கு ஹ்வென் தீவைக் கொடுத்தார். சுவரில் பதித்த சுமார் 2 மீட்டர் ஆரமுள்ள கால்வட்டம், பெரிய வளையக் கருவி, குறுக்குக் கோடுகளால் கலைக்கும் கீழே பிரித்த அளவுகோல் என்று அவர் கருவிகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சந்திரன் மணிக்கு அரைப் பாகை ஓடுகிறது, அதன் இடமாறு தோற்றப் பிழை ஒரு பாகை வரை போகிறது, இப்படிப்பட்டதை நடுவில் வைத்தால் கலைக் கணக்கில் துல்லியம் எப்படி வரும்? வெள்ளி மெதுவாக நகர்கிறது, அதன் இடமாறு தோற்றப் பிழை மிகமிகக் குறைவு. இடம் தெரிந்து பார்த்தால் சூரியன் மறைவதற்கு முன்பே வெறும் கண்ணுக்கு அது தெரியும், மறைந்த பின் நட்சத்திரங்களோடும் தெரியும். 1582 முதல் 1588 வரை சூரியனிலிருந்து வெள்ளி, வெள்ளியிலிருந்து நட்சத்திரம் என்று அளந்து, மேஷத்தின் தலையில் இருக்கும் ஹமாலை ஆதாரமாக நிலைநிறுத்தினார். சூரியனுக்குக் கிழக்கே வெள்ளி இருக்கும்போது எடுத்த அளவையும் மேற்கே இருக்கும்போது எடுத்த அளவையும் சேர்த்துச் சராசரி எடுத்தார், ஒரு பக்கத்துப் பிழை மறுபக்கத்தில் அடிபட்டுப் போகும் என்று. அப்புறம் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சங்கிலியாக வானத்தைச் சுற்றி வந்து, கூட்டினால் 360 பாகை வருகிறதா என்று பார்த்தார். முதன்மை நட்சத்திரங்களில் பிழை ஒரு கலைக்கும் கீழே வந்தது. அயனச் சலனம் ஆண்டுக்கு 51 விகலை என்றார். உண்மை 50-ஐச் சற்றுத் தாண்டியது. ஊசலாட்டக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அவரும் குறையில்லாதவர் அல்ல. சூரியனின் இடமாறு தோற்றப் பிழை 3 கலை என்ற பழைய தவறான எண்ணைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். உண்மை 9 விகலைகூட இல்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைக்கோவிடமும் கடிகாரங்கள் இருந்தன, அவற்றை அவர் நம்பவில்லை. 1656-ல் ஹைகன்ஸின் ஊசல் கடிகாரம் வந்த பின் இடையாளே வேண்டாம் என்றானது. பகலில் சூரியன் உச்சக்கோட்டை (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோடு) கடக்கும் நேரத்தையும் இரவில் நட்சத்திரம் கடக்கும் நேரத்தையும் குறித்தால் போதும். கிரீன்விச்சில் மாஸ்கலைன் 36 ஆதார நட்சத்திரங்களை இப்படி நிலைநிறுத்தினார். 1767-ம் ஆண்டுக்கானதில் தொடங்கிய மாலுமிகளின் வானப் பஞ்சாங்கத்தில் ஹிப்பார்க்கஸின் வேலை தலைகீழாக நடந்தது: சித்திரை, மகம், ரோகிணி, கேட்டை, ஹமால் முதலிய ஒன்பது நட்சத்திரங்களிலிருந்து சந்திரன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, கப்பலில் கிரீன்விச் நேரத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மதராஸ் வானாய்வகத்திலும் இந்த உச்சக்கோட்டு முறைதான். அங்கே டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை 1844-ல் வெளியிட்டார்.

ஆதார நட்சத்திரங்களே நகர்கின்றன என்பதும் பழைய அளவுகளால்தான் தெரிந்தது. 1718-ல் ஹாலி, டாலமி காலத்து அளவுகளோடு ஒப்பிட்டு, அயனச் சலனத்தைக் கழித்த பிறகும் சுவாதி, சிரியஸ், ரோகிணி மூன்றும் இடம் மாறியிருப்பதைச் சொன்னார். சுவாதி அந்த இடைவெளியில் ஒரு பாகையளவு நகர்ந்திருந்தது. அது வளையக் கோளத்துக்கே தெரியும் அளவு. சித்திரை இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. சுமார் 250 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் 2,000 ஆண்டில் அதன் சொந்த நகர்வு இரண்டு கலைகூட இல்லை. டிமோக்காரிஸுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் எடுத்தது அதிர்ஷ்டத் தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

இனி அயனாம்சம். நம் ராசிச் சக்கரம் சமப் பகலிரவுப் புள்ளியிலிருந்து தொடங்குவதில்லை, நட்சத்திரங்களோடு கட்டப்பட்டது. இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் இடைப்பட்ட தூரம்தான் அயனாம்சம். அப்படியென்றால் எந்த நட்சத்திரத்தோடு? சூரிய சித்தாந்தம் சித்திரையை 180 பாகையில் வைக்கிறது, ரேவதியின் யோகதாரையை (அந்தக் கூட்டத்துக்கு அடையாளமான நட்சத்திரத்தை) 359 பாகை 50 கலையில் வைக்கிறது. ரேவதிக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது மீனத்தில் மங்கலாகத் தெரியும் ஸீட்டா நட்சத்திரம். வானத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரில் இல்லை, சுமார் 4 பாகை பிசகு. சித்திரையைப் பிடித்தால் இன்றைய அயனாம்சம் 24 பாகையை ஒட்டி, ரேவதியைப் பிடித்தால் 20-ஐ ஒட்டி. பின்னதை எடுத்தால் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14-க்குப் பதில் 10 வாக்கில் வந்துவிடும். மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு சித்திரைப் பக்கம் நின்றது. அதன் செயலாளர் என். சி. லாஹிரி. 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தார்கள். அதன்படி கி.பி. 285 வாக்கில் சித்திரை இலையுதிர்காலச் சமப் பகலிரவுப் புள்ளியில் நின்றிருக்கும். நம் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் இந்த வழியில் போகின்றன. வாக்கியப் பஞ்சாங்கம் வானத்தில் சித்திரையைப் பார்ப்பதே இல்லை. 365 நாள் 6 மணி 12½ நிமிடம் என்ற பழைய ஆண்டளவை வைத்து ஓடுகிறது. நட்சத்திர ஆண்டின் உண்மை அளவைவிட அது 3 நிமிடம் 20 விநாடி அதிகம். சித்திரையா ரேவதியா, எது ‘உண்மையான’ ஆதாரம் என்ற வாதத்தை வானியல் தீர்க்க முடியாது. அது ஒப்பந்தம், அளவல்ல. சித்திரை பளிச்சென்று தெரியும், யாரும் சரிபார்க்கலாம் என்ற ஒரு காரணத்துக்காக எனக்கு அது பிடிக்கும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா என்றால், தாராளமாக. ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னிரவில் சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் முதலில் சுவாதி, அதே வளைவில் இன்னும் தெற்கே போனால் சித்திரை. மாதத்தில் ஓரிரு நாள் சந்திரன் சித்திரையை ஒட்டிப் போகும். அன்று கையை நீட்டி, இரண்டுக்கும் இடையே எத்தனை விரல் என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். நீட்டிய கையில் முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. சந்திரன் கிழக்கே மணிக்கு அதன் சொந்த அகலமளவு நகர வேண்டும், ஆனால் நம் ஊரில் உச்சிக்கு அருகே அதைவிடக் குறைவாகவே நகர்ந்ததாகத் தெரியும். டாலமி கழித்த இடமாறு தோற்றப் பிழைதான் அது. குறிப்பு எழுதும்போது நேரத்தோடு அடிவானத்திலிருந்து சந்திரனின் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் பின்னால் திருத்தம் போட முடியாது.